பாறையின் போக்கில் எழுந்த கோட்டை

கேள்வி: ஜெர்மனியின் எல்ட்ஸ் கோட்டையை ஒரு நாட்காட்டிப் படத்தில் பார்த்தேன். காட்டு மரங்களோடு சேர்ந்து அதுவும் முளைத்து வளர்ந்தது போலிருந்தது. அழகுக்காகவே அப்படித் திட்டமிட்டுக் கட்டினார்களா?

பதில்: அழகு பின்னால் வந்து சேர்ந்தது, முதலில் முடிவு செய்தவை பாறையும் ஓடையும்தான். ட்ரியருக்கும் கோப்லென்சுக்கும் இடையே, மோசல் ஆற்றின் வடபுறத்து மலைகளில், எல்ஸ்பாக் என்னும் சிற்றோடை ஏறத்தாழ 70 மீட்டர் உயரமுள்ள நீள்வட்டப் பாறையொன்றை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. கட்டியவர்கள் அந்தப் பாறையை வெட்டிச் சமன்செய்ய முயலாமல், அதன் விளிம்பு வளைந்த இடத்தில் சுவரையும் வளைத்தார்கள். உள்ளே சில அறைகள் ஒழுங்கான சதுரமாக அமையாமல் கோணலாக இருப்பதற்கு அதுவே காரணம்.

மற்றொரு காரணம் குடும்பச் சொத்து. 1157இல் பேரரசர் பிரெடரிக் பார்பரோசா வழங்கிய ஆவணமொன்றில் எல்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ருடால்ஃப் என்பவர் சாட்சியாகக் குறிப்பிடப்படுகிறார். அடுத்த நூற்றாண்டில், 1268க்கு முன்பே, சகோதரர் மூவர் சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள். கோட்டையை மட்டும் துண்டு போட முடியாது என்பதால், அவர்களுடைய சந்ததியினர் ஒரே மதிலுக்குள், ஒரே முற்றத்தைச் சுற்றித் தனித்தனி வீடுகளைப் பல தலைமுறைகளாகக் கட்டிக்கொண்டே போனார்கள். பக்கவாட்டில் பரவப் பாறையில் இடமில்லை. எனவே வீடுகள் உயர்ந்தன, சில இடங்களில் எட்டு மாடி வரை. நீங்கள் படத்தில் கண்ட நெருக்கமான கோபுரக் கூட்டம் இப்படி உருவானதுதான். பாகப்பிரிவினை இவ்வளவு அழகாக முடிந்த இடம் வேறொன்று உண்டா என்று நான் வியந்ததுண்டு.

கேள்வி: சுற்றிலும் உயரமான மலைகள் இருக்க, பள்ளத்தாக்குக்குள் ஒளிந்திருக்கும் கோட்டை பாதுகாப்பானதாக இருந்திருக்குமா?

பதில்: கூர்மையான கேள்வி. ஓடையும் செங்குத்துச் சரிவும் எதிரியை நெருங்கவிடாமல் தடுத்தன என்பது உண்மையே. ஆனால் அருகிலுள்ள சரிவு கோட்டையைவிட உயரமானது. அந்தக் குறையை ட்ரியரின் பேராயர் பால்டுவின் நன்றாகவே புரிந்துகொண்டார். 1331இல் எல்ட்ஸ் குடும்பமும் அண்டைப் பிரபுக்கள் சிலரும் அவருடைய அதிகாரத்தை எதிர்த்தபோது, அவர் கோட்டைக்கு மேலே ட்ருட்செல்ட்ஸ் என்ற சிறு முற்றுகைக் கோட்டையைக் கட்டி, அங்கிருந்து கற்களை எறியச் செய்தார். 1336 வரை நீண்ட அந்தப் பகை, எல்ட்ஸ் குடும்பத்தார் பணிந்த பிறகே ஓய்ந்தது. இடிபாடாக நிற்கும் ட்ருட்செல்ட்ஸை இன்றும் காணலாம்.

அடுத்த பேராபத்து 1688, 1689ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சுப் படைகள் ரைன் பகுதியின் கோட்டைகளைத் தகர்த்துக்கொண்டு வந்தபோது நேர்ந்தது. அப்போது நிலத்தின் அமைப்பு அதைக் காப்பாற்றவில்லை. பிரெஞ்சுப் படையிலேயே அதிகாரியாக இருந்த ஹன்ஸ் அன்டோன் என்னும் எல்ட்ஸ் வம்சத்தவரின் தலையீடுதான் காப்பாற்றியது. 1845 முதல் 1888 வரை எல்ட்ஸ் குடும்பத்துக் கார்ல் பிரபு செய்வித்த புதுப்பிப்பும் குறிப்பிடத்தக்கது. பழைய கோட்டைகளைத் தம் கற்பனைக்கேற்ப மாற்றிக் கட்டுவது பலருக்கு வழக்கமாக இருந்த அந்தக் காலத்தில், அவர் பழைய வடிவத்தை மதித்தார். இன்றும் கோட்டை அதே குடும்பத்தின் உடைமைதான். யூரோ வருவதற்கு முன் புழங்கிய 500 மார்க் நோட்டு ஒன்றின் பின்புறத்திலும் அதன் படம் இருந்தது.

கேள்வி: அங்கே செல்வோர் எந்த வழியாகப் போவது நல்லது?

பதில்: விர்ஷெம் பக்கமாக வண்டியில் போனால் நடை குறைவு. ஆனால் மோசல்கெர்ன் என்னும் ஊரிலிருந்து ஓடையோரக் காட்டுப்பாதையில் ஐந்து கிலோமீட்டர் அளவு நடந்து வருவதையே நான் பரிந்துரைப்பேன். நெடுந்தூரத்துக்கு மரங்களும் நீரோசையும் மட்டுமே உடன்வரும்; கோட்டை, நெருங்கிய பிறகுதான் தலைக்கு மேலே தென்படும். குளிர்காலத்தில் உள்ளே அனுமதி கிடையாது.