பெட்டியில் விழுந்த மூன்று சீட்டுகள்

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 60 பேர் வேலை செய்யும் உதிரிபாகப் பட்டறை நடத்துகிறேன். தொழிலாளர்கள் யோசனை சொல்லட்டும் என்று என் அறை வாசலில், கேமராவுக்குக் கீழே ஒரு பெட்டி வைத்து, நல்ல யோசனைக்கு 500 ரூபாய் பரிசும் அறிவித்தேன். ஆறு மாதத்தில் மூன்றே சீட்டுகள் வந்தன, மூன்றும் புகார்கள். ஷிப்ட் 6 மணிக்குத் தொடங்கினாலும் டூல் ரூம் 8.30க்குத்தான் திறக்கிறது, லேத் பக்கம் மின்விசிறி ஓடவில்லை, டீ ஆறிப்போய் வருகிறது. நம் ஆட்களுக்கு யோசிக்கவே வராதா?
– ஒரு வாசகர், சென்னை-58

பதில்: உங்கள் கடைசி வரி எனக்கு வருத்தம் தந்தது. அருமையான யோசனை ஒன்று உங்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதைப் புகார் என்று ஒதுக்கிவிட்டீர்கள். காலை ஏழு மணிக்கு ஒருவருடைய ட்ரில் பிட் மழுங்கினால் அவர் என்ன செய்வார்? மெஷினை நிறுத்திவிட்டு, டூல் ரூம் திறந்து வேறு பிட் கிடைக்கும்வரை ஒன்றரை மணி நேரம் காத்திருப்பார். அல்லது மழுங்கியதையே வைத்து ஓட்டுவார், துளையின் அளவு தப்பும், பரிசோதனையில் அந்தப் பீஸ் ரிஜெக்ட் ஆகும். உங்கள் பணம் எந்த வழியாக ஒழுகுகிறது என்று ஒருவர் எழுதியே கொடுத்திருக்கிறார். அதற்கு இதுவரை என்ன பதில் சொன்னீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

அமெரிக்காவில் கோடாக் நிறுவனம் 1898இல் யோசனைத் திட்டம் தொடங்கியபோது முதல் பரிசு பெற்றவர், வெளிச்சம் நன்றாக வர ஜன்னல்களைக் கழுவ வேண்டும் என்று சொன்ன ஒரு தொழிலாளி. பரிசு 2 டாலர். உங்கள் கணக்கில் அதுவும் புகார்தான்.

நம் ஊரிலேயே பாருங்கள். 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களின் முக்கியமான குறைகளுள் ஒன்று, மதியம் சாப்பிட நேரம் போதவில்லை என்பது. ஆலைக்குள் கேட்க ஆளில்லாமல் வெளியே கூடிப் பேசினார்கள். அந்தக் கூட்டங்களிலிருந்து சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் அமைந்தது நமக்குப் பெருமைதான். ஆனால் நிம்மதியாகச் சாப்பிட நேரம் கேட்பதற்கு அவர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

நானும் இந்தப் பிழையைச் செய்தவன். எங்கள் பைண்டிங் பிரிவில் வேலை செய்த ஓர் அம்மா, தாள் கட்டுகளை ஜன்னலோரம் அடுக்க வேண்டாம், ஐப்பசி மழையில் ஓதம் ஏறிவிடும் என்றார். "பார்க்கலாம்மா" என்றேன், பார்க்கவில்லை. மழை வந்தது, தாள் நெளிந்தது, மடிப்பு நேராக விழவில்லை. தாள் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அதன் பிறகு அந்த அம்மா என்னிடம் எதையும் சொல்லவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

பெட்டியை முதலில் உங்கள் வாசலிலிருந்தும் கேமராவின் பார்வையிலிருந்தும் எடுத்து, சாப்பாட்டுக் கூடத்தில் வையுங்கள். சீட்டை எழுதியது யார் என்று சூப்பர்வைசரை விட்டு விசாரிக்காதீர்கள். எழுதத் தயங்குபவர்கள் இருப்பார்கள். வாரம் ஒரு நாள் முதல் ஷிப்டுக்கே போய், மெஷின் பக்கத்தில் நின்று, நேரில் கேளுங்கள். ஒன்றைச் செய்ய முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையும் சொல்லுங்கள்.

நாளைக் காலை ஷிப்ட் சூப்பர்வைசரிடம் டூல் ரூமுக்கு இரண்டாவது சாவி ஒன்றைக் கொடுங்கள். மூன்று சீட்டுகளுக்கும் என்ன செய்தீர்கள் என்பதை இந்த வாரமே நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். டூல் ரூம் சீட்டை எழுதியவர் தாமாக முன்வந்தால், நீங்கள் அறிவித்த 500 ரூபாய் அவருடையது.