தருமபுரியில் குறும்படம் எடுப்பவருக்குப் பூசான் திரைப்பட விழாவால் என்ன பயன்?

தருமபுரியில் நண்பர்களோடு சேர்ந்து குறும்படம் எடுத்துவருவதாகவும், தென்கொரியாவில் ஆண்டுதோறும் நடக்கும் பூசான் சர்வதேசத் திரைப்பட விழாவால் தங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது பயன் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு அந்த விழாவின் படப் பட்டியலை ஆண்டுதோறும் ஆவலோடு படிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: 1996இல் தொடங்கிய நாள் முதல், முதல் படமோ இரண்டாவது படமோ எடுத்த ஆசிய இயக்குநர்களைத் தேடிப் பிடிப்பதை அந்த விழா தன் முக்கிய வேலையாக வைத்திருப்பதால், பயன் நிச்சயம் உண்டு.

இதற்கென்றே ‘நியூ கரண்ட்ஸ்’ என்ற போட்டிப் பிரிவைப் பல ஆண்டுகள் நடத்தினார்கள். 1998இல் அந்தப் பரிசைப் பெற்ற ‘சியாவ் வூ’ படத்தை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஜியா ஜாங்க்கே, சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில் தான் பிறந்த ஃபென்யாங் என்ற சிறு நகரத்திலேயே, தொழில்முறை நடிகர்கள் இல்லாமல், 16 மி.மீ. படச்சுருளில் எடுத்த படம் அது. கடைசிக் காட்சியில், பிடிபட்ட ஜேப்படித் திருடனைத் தெருவோரத்தில் விலங்கோடு பூட்டி வைத்துவிட்டுப் போலீஸ்காரர் நகர்ந்துவிடுகிறார். அவன் குத்துக்காலிட்டு உட்கார, போவோர் வருவோர் ஒவ்வொருவராக நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், கேமராவும் மெல்ல அவர்கள் முகங்களின் பக்கம் திரும்பிவிடுகிறது. தருமபுரி நான்கு ரோட்டிலோ எங்கள் பழையபேட்டையிலோ கூடுகிற கூட்டத்தின் முகங்கள்தான் அவை. கதை தேடி நீங்கள் சென்னைக்குப் போக வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பரிசோடு அவர்கள் நின்றுவிடவில்லை. தயாரிப்பாளர் கிடைக்காத கதைகளை முதலீட்டாளர்களோடு சேர்த்துவைக்கும் சந்தையை 1998இலும், திரைக்கதைக்கும் ஆவணப்படத்துக்கும் படப்பிடிப்புக்குப் பிந்தைய வேலைகளுக்கும் உதவும் ஆசியத் திரைப்பட நிதியை 2007இலும் தொடங்கினார்கள். குறும்படங்களுக்கும் தனிப் போட்டி உண்டு. அதில் சிறந்த ஆசியக் குறும்படத்துக்குத் தரப்படுவது ‘சோன்ஜே’ விருது.

ஆசியா முழுவதும் அலைந்து படங்களைத் தேர்ந்தெடுத்த கிம் ஜி-சியோக் என்பவர், விழாவைத் தொடங்கியவர்களுள் ஒருவர். 2017இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவுக்குச் சென்ற இடத்தில் காலமானார். அவர் பெயரிலான விருதை 2023இல் இலங்கை இயக்குநர் பிரசன்ன விதானகேயும், 2024இல் ரீமா தாஸும் பெற்றார்கள். அஸ்ஸாமில் தன் சொந்தக் கிராமத்து மனிதர்களை வைத்து, கேமராவையும் தானே கையில் எடுத்துப் படம் செய்கிறவர் ரீமா தாஸ் என்பதை உங்கள் குழுவினருக்குச் சொல்லுங்கள்.

இந்த விழாவின் மீது எனக்குள்ள மதிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2014இல் செவோல் கப்பல் விபத்தைப் பற்றிய ஆவணப்படத்தைத் திரையிடக் கூடாது என்று நகர மேயரே சொன்னபோதும் அவர்கள் திரையிட்டார்கள். அதன் பிறகு அரசு மானியம் குறைந்தது, விழா இயக்குநர் பதவியை விட்டு விலக வேண்டியதாயிற்று, ஆனாலும் விழா நிற்கவில்லை. 30ஆவது விழாவான 2025 முதல் ஆசியப் படங்களுக்கென்றே முதன்மைப் போட்டி நடக்கிறது.

பூசானுக்குப் போவது இப்போது உங்களால் ஆகாது என்றால், ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு பஸ் ஏறுங்கள். பெரும்பாலும் ஆண்டின் தொடக்க மாதங்களில் கர்நாடகத் திரைப்பட அகாடமி அங்கே நடத்தும் சர்வதேச விழாவிலும் ஆசியப் படங்களுக்குத் தனிப் போட்டி இருக்கிறது. பிரதிநிதி அட்டை வாங்கிக்கொண்டால் நாள் முழுவதும் படம் பார்க்கலாம். அட்டவணை வந்ததும் மற்ற பிரிவுகளை ஒதுக்கிவைத்துவிட்டு, முதல் பட இயக்குநர்களின் பெயர்களுக்கு எதிரே குறியிட்டுக்கொள்ளுங்கள்.