டிக்கட்டுக்கு ஸ்பானிஷில் என்ன சொல்? (கேள்வி பதில்)

அண்ணே, இலங்கையில் எல்ல ஊரில் ஹோம்ஸ்டே நடத்துகிறேன். ரயில் டிக்கட்டுக்கு ஸ்பானிஷில் ஒரு சொல் தாருங்கள், போர்டில் எழுத வேண்டும்.

ஒரே சொல் கேட்டால்தான் சிக்கல் தம்பி. ஸ்பெயின்காரருக்கு அது 'பியேத்தே', மெக்சிகோக்காரருக்கு 'பொலேத்தோ', கொலம்பியாக்காரருக்கு 'திக்கேத்தே', பெரு பக்கம் 'பசாஹே'. இதில் பியேத்தே கொஞ்சம் வில்லங்கம் பிடித்தது, அதற்குப் பணத்தாள் என்றும் பொருள் இருப்பதால் நானுஓயா ஸ்டேஷனில் மெக்சிகோக்காரரிடம் 'பியேத்தே எங்கே' என்று கேட்டால் பர்ஸைத் திறந்து ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினாலும் நீட்டுவார். எந்த நாடு என்று முதலில் கேளுங்கள். போர்டு என்றால் பியேத்தே, பொலேத்தோ இரண்டையும் எழுதி விடுங்கள்.

ஹோட்டன் சமவெளி டிக்கட்?

'என்த்ராதா'. உள்ளே போகக் காசு கட்டும் இடத்துக்கெல்லாம் அதுதான், பேராதனைப் பூங்காவுக்கும்.

வெள்ளைக்காரருக்கு த்ரீவீல் வாடகைக்குக் கொடுக்கிறேன். போலீஸ் எழுதும் டிக்கட்?

'முல்தா'.

டிக்கட் என்றே சொன்னால் விளங்காதா?

ஸ்பெயினில் அந்தச் சொல் பெரும்பாலும் கடையில் தருகிற பில்லைக் குறிக்கும். நீங்கள் எந்த பில்லைக் கேட்கிறீர்கள் என்று ஆள் முழிப்பார்.

நாங்கள் ரயிலைக் கோச்சி என்கிறோம், ஸ்பானிஷிலும் 'கோச்சே' இருக்கிறதே?

நல்ல கேள்வி. ஸ்பெயினில் கோச்சே என்றால் கார், ரயில் 'த்ரேன்'. ஆனால் ரயில் பெட்டிக்கும் கோச்சே என்றுதான் பெயர், அங்கே டிக்கட்டிலேயே கோச்சே இத்தனை, சீட் இத்தனை என்று அச்சாகியிருக்கும். ரிசர்வ் பெட்டியைக் காட்டும்போது தைரியமாகச் சொல்லலாம்.

'ரயில் பிடிக்க' என்பதற்கு 'கொஹேர்' என்று கைட் ஒருவர் சொல்லித் தந்தார். சரியா?

ஐயோ. ஸ்பெயினில் பஸ் பிடிக்க, ரயில் பிடிக்க, குடையை எடுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான், சின்னப் பிள்ளையும் சொல்லும். மெக்சிகோவிலும் ஆர்ஜென்டினாவிலும் அது படுக்கையறைச் சமாச்சாரம். 'தொமார்' என்று சொல்லுங்கள், எங்கேயும் பிரச்சினை இல்லை.

அகராதியில் கொஹேர் இருக்கிறதே அண்ணே? ஆர்ஜென்டினாக்காரரிடம் சொன்னேன், சிரித்தாரே தவிர கோபப்படவில்லை.

அகராதி வெட்கப்படாது. தனியாக வந்த பையன் சிரிப்பான்தான், மாமியாரோடு வந்த குடும்பத்தை நிறுத்தி 'ரயிலைக் கொஹேர் செய்வோம்' என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் பேசலாம். கைட் சொன்னதில் பிழையில்லை, ஸ்பெயின் ஆட்களோடு மட்டும் வேலை செய்திருப்பார். அதற்குத்தான் எந்த நாடு என்று கேட்கச் சொல்கிறேன்.

ரயில் டிக்கட்டுக்குச் சுருக்கமாக ஒரு சொல்...

மேலே இருக்கிறது. முதல் பதில்.

ஆப்பில் பார்த்தால் போதாதா?

வெறும் டிக்கட் என்று அடித்தால் எதையாவது தரும். எதற்கு டிக்கட் என்று முழு வாக்கியமாக அடியுங்கள். எந்த நாடு என்பதை அது கேட்காது, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

எல்ல ஸ்டேஷன் போர்டைப் பார்த்து ஏன் சிரிக்கிறார்கள்?

ஆங்கிலத்தில் Ella என்று எழுதியிருப்பதை ஸ்பானிஷ்காரர்கள் 'எய்யா' என்று படிப்பார்கள், அவர்களுக்கு அது 'அவள்'. சிரிக்கட்டும் விடுங்கள், டிக்கட் கேள்வி இருந்தால் மட்டும் கேளுங்கள்.