பழைய ரயில் நிலையத்தில் மாடலை வைத்துப் படம் எடுக்க எப்படித் திட்டமிடுவது?

பாரம்பரிய நிலையம் ஒன்றில் ஒரு நாள் படம் எடுக்கப் போகிறீர்கள், நீராவி இன்ஜினும் வரும், எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஜினை நம்பித் திட்டம் போடாதீர்கள், நிலையத்தை நம்பிப் போடுங்கள். வண்டி நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் ஆட்கள் இறங்குவார்கள், ஏறுவார்கள், எல்லோர் கையிலும் கைபேசி நீளும். மாடலின் முடியைச் சரிசெய்யக்கூட நேரம் இருக்காது. வண்டி போனதும் நடைமேடை காலியாகிவிடும். எனக்கு மனதுக்குப் பிடித்த படங்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியில் கிடைத்தவைதான். ஆகவே கால அட்டவணையில் வண்டி இல்லாத நேரங்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய சொத்து நடைமேடைக் கூரை. மாடலைக் கூரையின் விளிம்பில் நிறுத்தினால் வெளிச்சம் உச்சியிலிருந்து விழும், கண்குழிகள் கறுத்துப்போகும். அப்படியே ஓரிரு அடி உள்ளே வரச்சொல்லி, முகத்தைத் தண்டவாளப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். மேலிருந்து வரும் வெளிச்சத்தைக் கூரை தடுத்துவிடும், பக்கவாட்டிலிருந்து வருவது மட்டும் முகத்தில் படியும். கண்குழி நிழல் கரைந்து, கருவிழியில் வானம் ஒரு வெள்ளைக் கீற்றாகத் தெரியும். பின்னால் காத்திருப்பு அறையின் கதவு தானாகவே இருண்டு நிற்கும். இதற்கு ஃபிளாஷ் எதுவும் வேண்டாம். ஒன்றை மட்டும் பாருங்கள்: பச்சை வண்ணம் பூசிய மரச்சுவருக்குப் பக்கத்தில் நின்றால் கன்னத்தில் அந்தப் பச்சை ஏறும். பின்னால் எடிட்டிங்கில் அதைத் தனியாக நீக்குவது பெரும்பாடு. சுவரை விட்டுச் சற்று தள்ளி நிறுத்துவது சுலபம்.

டிக்கெட் கவுண்டரையும் விட்டுவிடாதீர்கள். பழைய நிலையங்களில் அது ஒரு சின்ன ஜன்னல்தான். கை உள்ளே நீளும்போது விரல்களில் மட்டும் வெளிச்சம் விழும். கையில் அந்தக் காலத்து அட்டை டிக்கெட் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. 1830களின் கடைசியில் இங்கிலாந்தில் நிலைய அலுவலராக இருந்த தாமஸ் எட்மண்ட்சன் கொண்டுவந்த முறை அது. ஏறக்குறைய 57 மி.மீ. நீளம், 30 மி.மீ. அகலம் கொண்ட கெட்டி அட்டை. கைகளை மட்டும் எடுத்தாலே காலம் புரிந்துவிடும்.

சரி, இன்ஜின். நீராவி உண்மையில் கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்கும் வெண்மேகம், அது குளிர்ந்து உண்டான நீர்த்துளிகள். அதனால்தான் குளிரான காலையில் அது திரண்டு நிற்கிறது, வெயில் ஏறியதும் வந்த வேகத்தில் காணாமல் போகிறது. சூரியன் நீராவிக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள், மேகம் ஒளிரும். முன்னாலிருந்து வெயில் அடித்தால் தட்டையாகத்தான் தெரியும். கறுப்பு இன்ஜின் சட்டகத்தை நிறைத்தால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், வெண்மேகம் முழுக்க வெளிறிப்போகும். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விழும் வெளிச்சத்தின் அளவை, கையால் வைத்து, வெள்ளைப் பகுதியைக் காப்பாற்றுங்கள். கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்தால் இருட்டை அப்புறம் மீட்டுக்கொள்ளலாம், வெளிறியதை மீட்க முடியாது. இன்ஜின் படம்தான் முக்கியம் என்றால், ஒளிப்படக்காரர்களுக்கென்றே வாடகைக்கு வண்டி ஓட்டும் பாரம்பரிய ரயில்பாதைகள் உண்டு. வண்டியைப் பின்னால் கொண்டுபோய் மறுபடி கடக்கவிடுவார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். வண்டி வரும் நேரத்தில் மாடல் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குவது கூடவே கூடாது. ரயில்வேயில் அது ‘நிறுத்து’ என்பதற்கான கைச்சைகை. சிவப்புத் துப்பட்டாவை வீசுவதும் அப்படித்தான். ஓட்டுநர் பக்கம் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். தண்டவாளத்தில் நடந்துவரும் படம் எல்லோருக்கும் ஆசைதான், ஆனால் இந்தியாவில் அனுமதியின்றி அங்கே இறங்குவது 1989 ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவின்படி குற்றம். மின்பாதை உள்ள நிலையமென்றால் தலைக்கு மேல் 25,000 வோல்ட் ஓடுகிறது. உயரமான லைட் ஸ்டாண்டைக் கொண்டுபோகவே வேண்டாம்.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். எந்த இடங்கள், எத்தனை பேர், என்னென்ன கருவிகள், படங்கள் விளம்பரத்துக்கா சொந்தத்துக்கா என்று எல்லாம் அதில் இருக்கட்டும். வேல்ஸ் நாட்டின் டாலிலின் (Talyllyn) ரயில்பாதை 1951இல் தொடங்கி வைத்த வழியில், உலகெங்கும் இத்தகைய பாரம்பரிய ரயில்பாதைகள் பலவற்றைத் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். எந்த மணிக்கு எந்த ஜன்னல் வழியாக வெயில் வரும் என்று அவர்களுக்குத் தெரியும், முந்தைய நாளே போய்க் கேளுங்கள். எடுத்த படங்களில் நல்லவற்றை அவர்களுக்கும் அனுப்பிவையுங்கள்.