ரிசீவரோடு ஒட்டிக்கொண்ட பேரலைக் கழற்றுவது எப்படி?

டர்பன் அருகே இசிபிங்கோ கடற்கரைப் பக்கம் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா வைத்திருந்த ரூகர் 10/22 ரைஃபிள், இப்போது முறைப்படி இவர் பெயருக்கு லைசென்ஸ் மாறிவிட்டது. பேரலும் ரிசீவரும் (போல்ட், டிரிகர் எல்லாம் உட்காரும் உடல் பாகம்) சேரும் இடத்தில் துரு எட்டிப் பார்க்கிறது, கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்று அடியில் இருக்கும் இரண்டு ஆலன் ஸ்க்ரூவையும் வீ-பிளாக்கையும் எடுத்துவிட்டார், பேரல் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. மச்சான் ஒருவர், நீளமான ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் கொடுத்து நெம்பு, வந்துவிடும் என்கிறாராம். நெம்பலாமா?

வேண்டவே வேண்டாம். இந்த ரைஃபிளில் பேரல் எஃகு, ரிசீவர் அலுமினியம். நெம்பினால் நசுங்கப் போவது அலுமினியம்தான். பேரல் கெட்டால் வேறு வாங்கலாம், ஆனால் லைசென்ஸில் இருக்கும் நம்பர் பொறித்த ரிசீவரின் வாய் கோணிக்கொண்டால் அப்புறம் துப்பாக்கியே போன மாதிரி.

இதில் பேரலுக்கு மரை கிடையாது, சும்மா உள்ளே நுழைந்து உட்கார்ந்திருக்கும், வீ-பிளாக்தான் அதை இழுத்துப் பிடித்திருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் வரவில்லை? டர்பன் காற்று. உப்பும் ஈரமும் சேர்ந்த இடத்தில் எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளையாக மாவு மாதிரி பூத்துவிடும், அந்த மாவு அரிபட்ட உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் இண்டு இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு ஆப்பு வைத்தது போல இறுகிவிடும். நீங்கள் துரு என்று பார்த்தது பாதிதான். ஸ்க்ரூ இருந்த ஓட்டைப் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள், வெள்ளைப் பொடி தெரியும்.

கேள்வியில் போல்ட்டைப் பற்றி, அதாவது ரிசீவருக்குள் முன்னும் பின்னும் ஓடித் தோட்டாவை உள்ளே தள்ளும் பாகத்தைப் பற்றி, ஒன்றுமே இல்லை. மேகசினை எடுத்து, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, காலி என்று உறுதியானபின் டிரிகர் பாகத்தையும் போல்ட்டையும் வெளியே எடுத்துவிட்டுத்தான் பேரலில் கை வைக்க வேண்டும். தோட்டாவின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் சின்னக் கொக்கி ஒன்று போல்ட்டின் முகத்தில் இருக்கிறதே, அது பேரலின் பின்பக்கப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும்போது பேரலைத் திருகினால் கொக்கிக்குக் கேடு.

சரி, இப்போது வேலை. பேரலின் வாய் கீழே பார்க்க நிறுத்தி, ரிசீவருக்குள் பேரலைச் சுற்றித் தெரியும் வளையத்தில் ஊடுருவும் எண்ணெய் விடுங்கள். கடையில் கிடைக்கும் க்யூ20 போதும். வீ-பிளாக் இருந்த பக்கமும் கொஞ்சம். ஒரு ராத்திரி அப்படியே விட்டு, காலையில் இன்னொரு தடவை விடுங்கள். அவசரம் இருக்கிறவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது.

அப்புறம் சூடு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பேரல் நுழையும் துளை சுமார் 17 மில்லிமீட்டர், ரிசீவரையும் பேரலையும் சேர்த்தே 50 டிகிரி சூடேற்றினாலும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இடைவெளிதான் கூடும். கேட்க ஒன்றுமில்லாதது போல இருந்தாலும் மாவுக் கட்டு விட்டுப்போக அது பெரும்பாலும் போதும். பேரலின் மேல் ஈரத்துணி சுற்றிக் குளிர்ச்சியாக வைத்தால் இன்னும் நல்லது. வீட்டில் தலைமுடி காயவைக்கும் டிரையர் போதும், ரிசீவரின் முன்பக்கம் கை வைக்க முடியாத அளவு சுட வேண்டும், அவ்வளவுதான். கேஸ் டார்ச்சைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள், பூச்சு போய்விடும், அலுமினியத்தின் வலுவும் குறையும். எண்ணெயைத் துடைத்த பிறகே சூடு, அது தீப்பிடிக்கிற சரக்கு.

பேரலை இரண்டு மரக்கட்டைக்கும் பழைய பெல்ட் தோலுக்கும் நடுவே வைஸில் பிடித்து, சூட்டோடு சூடாக, கையுறை போட்ட இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்து இடமும் வலமும் துளித்துளியாகத் திருகிக்கொண்டே நேராக இழுங்கள். மேலும் கீழுமாக ஆட்டாதீர்கள், துளை பெரிதாகிவிடும். முதலில் ஒரு சின்ன 'கிரீச்' கேட்கும், கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது, திரும்ப எண்ணெய் விட்டு அதே போலச் செய்யுங்கள். மூன்று நாலு தடவை சூடேற்றியும் அசையாவிட்டால் லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் கொண்டுபோங்கள்.

வைஸ் மச்சான் வீட்டில்தான் என்றால் நீங்களே எடுத்துப் போய், கூடவே இருந்து, திரும்பக் கொண்டுவர வேண்டும். "நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்" என்று பேரலை மட்டும் விட்டுவிட்டு வருவதும் தப்பு. தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி இங்கே பேரலுக்கும் ரிசீவருக்கும் தனியாகவே கணக்கு உண்டு, புதுப் பேரல் வாங்குவதென்றாலும் முதலில் அனுமதி.

வெளியே வந்ததும் வெள்ளைப் பொடியை நைலான் பிரஷ்ஷாலும் மரக் குச்சியாலும் சுரண்டி எடுங்கள், எஃகு பிரஷ் வேண்டாம். மாட்டும்போது பேரல் கழுத்தில் மெல்லிசாக கிரீஸ் தடவி, இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். அவை இறங்குவதும் அலுமினிய மரையில்தான், மிதமாகப் போதும். கம்பெனி சைட் இரண்டும் பேரல் மேலேயே இருப்பதால் குறி பெரிதாக மாறாது, ஸ்கோப் ரிசீவர் மேல் இருந்தால் மட்டும் ரேஞ்சில் சுட்டுப் பார்த்து மறுபடி குறியைச் சரிசெய்துகொள்ளுங்கள் (ஜீரோ பார்ப்பது என்பார்கள்).