ஊசி இலவசம்தான், மீதிச் செலவு யாருடையது? வாசகர் கேள்வி – பதில்

குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசியின் செலவு பற்றி மதுரை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

செல்லூர் வாசகர்: பேத்திக்கு மாநகராட்சி சுகாதார நிலையத்தில் எல்லா ஊசியும் காசில்லாமல் போட்டார்கள். தனியார் கிளினிக்கில் அதற்கே ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். மாநகராட்சிதான் இந்தச் செலவை ஏற்கிறதா?

ஊசி மருந்தை மாநகராட்சி வாங்குவதில்லை. மருந்தையும் சிரிஞ்சையும் மத்திய அரசு மொத்தமாக வாங்கி மாநிலங்களுக்குப் பொருளாகவே அனுப்புகிறது. பணமாக வராததால், மாநகராட்சி பட்ஜெட்டில் எத்தனை பக்கம் புரட்டினாலும் இந்தத் தொகை கண்ணில் படாது. ஊசி போடுவதற்கான நடைமுறைச் செலவு தேசிய நலவாழ்வுக் குழுமம் வழியாக வருகிறது. அதில் 60 பங்கு மத்திய அரசுடையது, 40 பங்கு மாநில அரசுடையது. நிரந்தரச் செவிலியர் சம்பளம் மாநிலத்தின் பொறுப்பு. கட்டடம், தண்ணீர், அன்றாடப் பராமரிப்பு ஆகியவை உள்ளாட்சியின் தலையில் விழும்.

தனியாரிடம் கனமான செலவு வைப்பது, நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசி. தமிழகத்தில் 2021 முதல் அது 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் என மூன்று தவணையாக அரசு நிலையங்களிலேயே போடப்படுகிறது. மூளைக்காய்ச்சல் வகையான ஜே.இ.க்கான ஊசி எல்லா மாவட்டத்துக்கும் கிடையாது, மதுரைக்கு உண்டு. சின்னம்மை, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஏ வகை, ஃப்ளூ ஆகியவற்றுக்கான ஊசிகள் மத்திய அரசின் பட்டியலில் இல்லை. பட்டியலுக்கு வெளியே இருந்த ஓர் ஊசிக்கு மாநிலமே பணம் ஒதுக்கியதும் உண்டு. 14 வயதுச் சிறுமிகளுக்கான கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிக்கு 2025-26 தமிழக பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவித்தார்கள்.

உசிலம்பட்டி அருகேயுள்ள கிராமத்திலிருந்து ஒரு வாசகி: 9 மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால், "ஒரு பிள்ளைக்காக மருந்தை உடைக்க முடியாதும்மா, அடுத்த புதன்கிழமை வா" என்கிறார் செவிலியர். இரண்டாம் முறையும் இதேதான். அரசிடம் பணம் இல்லையா?

பணத்தட்டுப்பாடு இல்லை. இது குப்பிக் கணக்கு. 9-வது மாதம் போடும் தட்டம்மை–ரூபெல்லா மருந்து தூளாக வரும். கூடவே வரும் கரைப்பானில் கலந்தால் பல குழந்தைகளுக்குக் காணும். ஆனால் கலந்த 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். கலந்து வைத்ததை மறுநாள் எடுத்துப் போட்டால், அதில் கிருமி வளர்ந்து குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகும். காசநோய்க்கான பி.சி.ஜி. மருந்துக்கும் இதே விதிதான். ஆறாவது வாரம் தொடங்கிப் போடும், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா ஊசி அப்படியில்லை. திறந்த குப்பியைக் குளிர் கெடாமல் வைத்திருந்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம். அதனால்தான் ஆறு வார ஊசிக்குப் போனபோது உங்களை யாரும் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, கொட்டப்படும் மருந்தையும் சேர்த்தேதான் அரசு வாங்குகிறது என்பது. பி.சி.ஜி.யில் பாதி வரை வீணாகும் என்பதே திட்டக் கணக்கு. வந்திருப்பது ஒரே குழந்தை என்றாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதுதான் விதி. மாதக் கூட்டத்தில் வீணடிப்பு ஏன் கூடியது என்று கேள்வி வருமே என்ற பயத்தில்தான் செவிலியர்கள் தயங்குகிறார்கள். அந்தப் பயம் நமக்குப் புரிகிறது. ஆனால் தாய்க்குப் போகும் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை, தட்டம்மை அடுத்த புதன் வரை காத்திருப்பதுமில்லை.

முதலில், உங்கள் பகுதியில் 9 மாதம் முடிந்த குழந்தைகள் யார் யார் என்று கிராம சுகாதார செவிலியரின் நிலுவைப் பட்டியலில் பார்க்கச் சொல்லி, எல்லோரையும் ஒரே நாளில் வரவழைக்கக் கேளுங்கள். அதுவும் நடக்காவிட்டால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரைப் பாருங்கள், அடுத்து மாவட்ட சுகாதார அலுவலர். 104 எண்ணிலும் சொல்லலாம். எந்தத் தேதிகளில் திருப்பி அனுப்பினார்கள் என்பதைக் குறித்து வைத்திருங்கள். தேதி இல்லாத புகார் நகராது.

வாடிப்பட்டி வாசகர்: கரண்ட் போனால் சுகாதார நிலையத்தில் மருந்து கெட்டுவிடாதா?

அங்கே இருப்பது வீட்டு ஃபிரிட்ஜ் இல்லை, ஐ.எல்.ஆர். என்ற பெட்டி. சுவருக்குள்ளேயே பனிக்கட்டி உறைந்திருக்கும். நாளைக்கு 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்கும், மூடியைத் திறந்து திறந்து மூடாமல் இருந்தால்.

சூட்டைப் பற்றி மட்டும்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். பென்டா, தொண்டை அடைப்பான்–கக்குவான்–ரணஜன்னிக்கான டி.பி.டி., நிமோகாக்கல் ஆகியவை உறைந்தால் வீண். ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு, மருந்தைக் கொண்டுபோகும் கேரியரில் அடுக்கினால் உறைந்துவிடும். சற்று நேரம் வெளியே வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்ட பிறகே அடுக்க வேண்டும். சூடு பட்டதா என்று நீங்களே பார்க்கலாம். குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதனுள்ளே சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து நல்லது. இரண்டும் ஒரே நிறமாகிவிட்டாலோ சதுரம் கருத்துவிட்டாலோ போட்டுக்கொள்ளாதீர்கள். உறைந்ததா என்பதை இந்தக் குறி காட்டாது.

ஸ்டெபிலைசர் பழுது, எர்த்திங், எலக்ட்ரீஷியன் கூலி போன்ற சில்லறைச் செலவுகளை, அந்த நிலையத்துக்கென்றே உள்ள நோயாளர் நலச் சங்கத்தின் நிதியிலிருந்தே செய்யலாம்.

மேலூர் வட்ட வாசகர்: எங்கள் ஊருக்கென்று சுகாதார நிதி ஏதும் உண்டா? தடுப்பூசிக்குப் பயன்படுமா?

உண்டு. கிராம சுகாதார, துப்புரவு, ஊட்டச்சத்துக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை வரும். ஊராட்சித் தலைவரும் கிராம சுகாதார செவிலியரும் கூட்டாகக் கையெழுத்திட்டு எடுப்பார்கள். தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரைக் கேளுங்கள்.

ஊசி நாளில் நிழலுக்குப் பந்தல், குடிதண்ணீர், அரை மணி நேரம் உட்கார நாற்காலி, முதல் நாள் ஒலிபெருக்கி அறிவிப்பு, இதற்கெல்லாம் தாராளமாகச் செலவிடலாம். ஊசி போட்டபின் அந்த அரை மணி நேரம் இருக்கச் சொல்வது ஒவ்வாமை வந்தால் உடனே கவனிக்கத்தான். வெயிலில் நிற்கவைத்தால் யார் இருப்பார்கள்? ஓரிரு வீட்டுக்கு மட்டும் பயன்படும் வேலைக்கு இந்தப் பணத்தைத் தொடக்கூடாது, ஆதரவற்ற பெண்ணின் மருத்துவத் தேவை போன்றவை விதிவிலக்கு.

பெரும்பாலும் கோளாறு எங்கே வருகிறதென்றால், செலவழிக்காமல் கணக்கிலேயே கிடப்பதில். இருப்பு கிடந்தால் அடுத்த ஆண்டு அந்த அளவுக்குக் குறைத்தே தருவார்கள். கிராம சபையில் "எவ்வளவு வந்தது" என்பதோடு நிறுத்தாமல், "வங்கிக் கணக்கில் இன்று எவ்வளவு இருக்கிறது, செலவுச் சான்று எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்" என்று கேளுங்கள்.

திருமங்கலம் வாசகி: வேலைக்காகத் திருப்பூர் போயிருந்ததால் மகனுக்கு 14 வார ஊசி விட்டுப்போய், இப்போது 7 மாதம். முதலிலிருந்து போடணுமா? மகப்பேறு உதவித்தொகையின் தவணையும் வரவில்லை.

முதலிலிருந்து வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும், முந்தைய தவணைக்கும் இதற்கும் 4 வாரம் இடைவெளி இருந்தால் சரி. இந்தப் புதன்கிழமையே போங்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பிரசவத்துக்குப் பிந்தைய பணம், தடுப்பூசிப் பதிவைப் பார்த்துத்தான் விடுவிக்கப்படும். வெளியூரில் ஊசி போடும்போது தடுப்பூசி அட்டையில் தேதி ஏறும், கர்ப்பிணி–குழந்தை விவரங்களை அரசு கணினியில் வைக்கும் பிக்மி பதிவில் ஏறாமல் போய்விடும். ஊசி போட்டதும் பிக்மி எண், அட்டை, உங்கள் பெயரிலுள்ள வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகலை உங்கள் ஊர் செவிலியரிடம் கொடுத்து, திருப்பூரில் போட்ட தவணைகளையும் பதிவேற்றச் சொல்லுங்கள். அட்டை தொலைந்திருந்தால், போட்ட நிலையத்தின் பதிவேட்டிலிருந்து தேதிகளை எழுதி வாங்கி வர வேண்டும்.