கடைசி பாரா

கேள்வி: ஆட்டோ டிரைவர் ஒருத்தர் வண்டில கிடந்த பணப்பையைத் திருப்பிக் கொடுக்கற மாதிரி கதை அனுப்பினேன். 'தீம் வரல'ன்னு திருப்பிட்டீங்க. நேர்மைதான் தீம்னு கடைசில தெளிவா சொல்லியிருக்கேனே? – ஒரு வாசகர், கரூர்

பதில்: அந்த 'கடைசில'தாங்க பிரச்சனையே. எங்களுக்கு வர்ற கதைங்கள்ல பாதிக்கு மேல கடைசி பாராவுல யாராவது நின்னு கருத்து சொல்றாங்க. எழுதறவங்கள குறை சொல்ல மாட்டேன், பரீட்சை பேப்பரத்தான் சொல்வேன். 'இக்கதை உணர்த்தும் நீதி யாது?'ன்னு சின்ன கிளாஸ்லேர்ந்து கேட்டுக் கேட்டு, கதைன்னா பின்னாடி ரெண்டு மார்க்குக்கு ஒரு வரி இருந்தே ஆகணும்னு புள்ளைங்க மண்டைல ஏத்திட்டாங்க. அந்தக் கேள்விய தூக்குங்கன்னு இந்தப் பக்கத்துல எத்தனையோ தடவை எழுதியாச்சு, இன்னமும் எழுதுவேன், தமிழ் வாத்தியாருங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி.

ஜெயகாந்தன் 1966ல ஆனந்த விகடன்ல எழுதின 'அக்னிப் பிரவேசம்' எடுத்துக்குங்க. மழைல பஸ்ஸுக்கு நிக்கற காலேஜ் பொண்ணு முன்னபின்ன தெரியாத ஒருத்தன் கார்ல ஏறிடுறா, நடக்கக்கூடாதது நடந்துடுது. வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அடி அடின்னு அடிக்கறா, அக்கம்பக்கத்து குடித்தனக்காரங்க எட்டிப் பார்த்ததும் மழைல நனைஞ்சு வந்துட்டான்னு சொல்லி மூடி மறைக்கறா, அப்புறம் மக தலைல தண்ணிய ஊத்தி நீ சுத்தமாயிட்டேங்கறா. பொண்ணு வாயில அப்பவும் சூயிங்கம், அதையும் துப்புடீங்கறா. அம்மா வாய்விட்டுத்தான் பேசறா, இல்லேங்கல. ஆனா அது எழுத்தாளர் ஒட்டவச்ச கருத்து கிடையாது, பதறிப்போன ஒருத்தி மகளைக் காப்பாத்த அந்த நிமிஷத்துல கைல கிடைச்சத பிடிச்சுக்கறா. படிச்சவங்க கொதிச்சுப் போனது அதனாலதான், வெறும் உபதேசமா இருந்தா தாண்டிப் போயிருப்பாங்க.

அதே ஜெயகாந்தன் அப்புறம் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதறப்ப அந்த ஒரு இடத்த மாத்திட்டார். இதுல அம்மா மறைக்கல, அழுது ஊரைக் கூட்டிடுறா, அண்ணன்காரன் தங்கச்சிய வீட்ட விட்டே துரத்திடுறான். கேள்வி என்னவோ அதேதான், ஒரு பொண்ணுக்கு இப்படி ஆயிடுச்சுன்னா கூட இருக்கறவங்க அவள என்ன செய்வாங்க? தண்ணி ஊத்தலன்னதும் அந்தப் பொண்ணு கங்காவோட மொத்த வாழ்க்கையும் வேற பக்கம் போயிடுது. ஒரு அம்மா என்ன செஞ்சாங்கறதுலதான் ரெண்டு கதையோட தீமும் கிடக்கு. நாவலுக்கு 1972ல சாகித்ய அகாடமி கொடுத்தாங்க.

'அக்னிப் பிரவேசம்'னு பேர்லயே நெருப்பு வந்ததும் புதுமைப்பித்தனோட 'சாப விமோசனம்' பத்தி சொல்லாம இருக்க முடியல, 1943லயே எழுதிட்டார் மனுஷன். ராமன் கேட்டான்னு சீதை தீயில இறங்கினத அவ வாயாலயே கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாயிடுறா. நீதி யாதுன்னு இதுக்குக் கீழ எழுதச் சொன்னா எந்தப் புள்ளை என்னத்த எழுதும்? எழுதினா யாரு மார்க் போடுவா?

உங்க டிரைவருக்கு வருவோம். அவருக்கு பைய கொடுக்கறது கஷ்டமாவே இல்ல, கிடைச்சுது, கொடுத்தார், நன்றி சொன்னாங்க. அப்புறம் நேர்மைன்னு நீங்க எவ்ளோ கத்தினாலும் எங்களுக்கு ஒண்ணும் ஆகல. இப்படி வச்சுக்குங்க: அவர் பொண்டாட்டி ராத்திரியே அந்தப் பையிலேர்ந்து ஸ்கூல் பீஸ் கட்ட ரெண்டாயிரம் எடுத்து வச்சுட்டா, காலைல எண்ணிப் பார்க்கறப்பதான் இவருக்குத் தெரியுது. அவகிட்ட கேட்பாரா? கடன் வாங்கிப் போட்டு நிரப்புவாரா? இல்ல, குறையாவே கொண்டு போய் கொடுத்துட்டு வாயை மூடிக்குவாரா? அங்கேர்ந்து எழுதி அனுப்புங்க.